உற்சாகத்தை விழுங்க முடியுமா?

மூளையில் சுரக்கிற ஒரு பொருளை வாய் வழியாகச் சாப்பிட்டால் அது மூளைக்குப் போய் வேலை செய்யுமா? ரொம்ப நாளாக என்னை நச்சரித்துக்கொண்டிருக்கும் கேள்வி இது. இதற்கு இரண்டு பதில்கள் எப்போதும் தயாராகக் கிடைக்கின்றன. "உடம்பிலேயே இருக்கிற பொருள்தானே, கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் நல்லதுதான்" என்பது ஒன்று. "எல்லாம் ஏமாற்று, வயிற்றோடு செரித்துப்போய்விடும்" என்பது இன்னொன்று. இரண்டிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. முதல் பதிலை நம்பிப் பணம் செலவழிப்பவர்கள் பெரும்பாலும் மனம் சோர்ந்து கிடப்பவர்கள். அவர்களிடம் இரண்டாவது பதிலைச் சொல்லி வாயை அடைத்தால், மாத்திரையை ஒளித்துவைத்துச் சாப்பிடுவார்களே தவிர விட்டுவிட மாட்டார்கள். அதோடு, அந்த இரண்டாவது பதில் உண்மையும் இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் கதை வேறு. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டுதான் பேச வேண்டும்.

உற்சாகம் தரும் மூளை ரசாயனம் என்ற பெயரில் சப்ளிமென்டாக விற்கப்படுபவை பல இருக்கின்றன. நான் இங்கே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: ஃபீனைல்எத்திலமீன், சுருக்கமாக பி.இ.ஏ. 'காதல் ரசாயனம்' என்றும், சாக்லேட் சாப்பிட்டால் வரும் மகிழ்ச்சிக்குக் காரணம் என்றும் இதைப் பற்றிப் படிக்காதவர்கள் குறைவு. காதல் வயப்பட்டவர்களின் கிறக்கத்துக்கு இதுதான் காரணமாக இருக்கலாம் என்று 1980களின் தொடக்கத்தில் ஒரு ஊகம் கிளம்பியது. அந்த ஊகத்தை யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இதை நான் எடுத்துக்கொள்ளக் காரணம் என் பெரியம்மா மகள்.

அக்கா கேட்ட கேள்வி

அக்கா எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஆள் இல்லை. வீட்டில் எவர் மருந்துச் சீட்டு கொண்டுவந்தாலும் வரி விடாமல் படித்துப் பார்ப்பவள். பெரியப்பா தவறிய பிறகு அவளுடைய பேச்சு குறைந்தது. காலையில் எழுந்தால் எந்த வேலையிலும் கை போவதில்லை. பிடித்த காரியம் என்று ஒன்றும் இல்லாமல் போனது. மருத்துவரிடம் போகச் சொன்னோம், போகிறேன் போகிறேன் என்று தள்ளிப்போட்டாள். அப்புறம் ஒரு நாள் அவளே போன் செய்து இந்த பி.இ.ஏ. மாத்திரையைப் பற்றிச் சொன்னாள். குரலில் கொஞ்சம் தெம்பு இருந்தது. "விழுங்கின கொஞ்ச நேரத்துல நெஞ்சு லேசா படபடங்குதுடா. அப்புறம் ஒரு தெளிவு வருது பாரு, தலைக்குள்ள இருந்த பாரம் சட்டுனு எறங்கின மாதிரி. ஆனா கால் மணி நேரம்கூட நிக்க மாட்டேங்குது. நீ உயிர்வேதியியல் படிச்சவன்தானே, சொல்லு. ஏன் போயிடுது?"

வேலை செய்யுமா என்று அவள் கேட்கவில்லை. ஏன் போய்விடுகிறது என்று கேட்டாள். நான் படித்த அத்தனை விளம்பரங்களிலும், அத்தனை எதிர்ப்புக் கட்டுரைகளிலும் யாரும் கேட்காத கேள்வி அது. அடுத்த முறை அவள் வீட்டுக்குப் போனபோது குப்பியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு மாத்திரைக்கு 500 மில்லிகிராம் என்று போட்டிருந்தது. மனநிலையை மேம்படுத்தும், கவனத்தைக் கூட்டும் என்று முன்பக்கம் பெரிய எழுத்தில் இருந்தது. பின்பக்கம், எந்த நோயையும் கண்டறியவோ குணப்படுத்தவோ தடுக்கவோ இது தயாரிக்கப்படவில்லை என்று பொடி எழுத்தில் இருந்தது. மாத்திரைக் கூட்டின் இரண்டு பாதியையும் பிரித்து ஒரு காகிதத்தில் தூளைக் கொட்டினேன். வெள்ளை வெளேரென்ற மெல்லிய படிகங்கள், வெளிச்சத்தில் லேசாகப் பளபளத்தன. நாக்கு நுனியில் ஒரு துளி வைத்ததும் சுருக்கென்று கசந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். முன்பக்க வரியையும் பின்பக்க வரியையும் அவள் எப்போதோ படித்துவிட்டிருந்தாள். "ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகலைன்னு தெரியும்டா. ஆனா எனக்கு வேற என்ன இருக்கு?" என்றாள்.

மூளைக்குள் போகிறதா?

முதலில் எல்லாரும் சொல்கிற எதிர்வாதத்தைப் பார்த்துவிடலாம். மூளையின் ரத்தக் குழாய்களின் உட்சுவரில் செல்கள் இடைவெளியே இல்லாமல் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. ரத்தத்தில் ஓடும் எல்லாப் பொருளும் மூளைக்குள் நுழைந்துவிட முடியாது. 1885இல் ஜெர்மானிய மருத்துவ விஞ்ஞானி பால் எர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயத்தைச் செலுத்திப் பார்த்தார். உறுப்புகளெல்லாம் நிறம் ஏற, மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. பின்னாளில் இதற்கு ரத்த-மூளைத் தடுப்பு என்று பெயர் வந்தது. மூளையில் தகவல் கடத்தும் ரசாயனங்களான செரோடோனினும் டோபமைனும் இந்தத் தடுப்பைத் தாண்டுவதில்லை. உடம்பில் இருக்கும் செரோடோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் இருக்கிறது, அது மூளைக்குப் போவதே இல்லை. எனவே செரோடோனினையே விழுங்கினால் மனம் தெளியாது என்பது சரியான வாதம். ஆனால் இதே வாதத்தை அப்படியே பி.இ.ஏ.வுக்கும் பொருத்திவிடுகிறார்கள். அங்கேதான் தவறு. பி.இ.ஏ. மிகச் சிறிய மூலக்கூறு, கொழுப்பில் எளிதாகக் கரையும். ரத்தத்தில் இருந்தால் அது மூளைக்குள் தங்குதடையின்றி நுழைந்துவிடும்.

சரி, நுழைந்து என்ன செய்யும்? நாம் சாப்பிடும் புரதத்தில் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதிலிருந்து ஒரு நொதி (என்சைம்) ஒரே ஒரு துண்டை வெட்டி எடுத்தால் பி.இ.ஏ. கிடைத்துவிடும். அதே நொதிதான் டோபமைனையும் செரோடோனினையும் உண்டாக்கும் கடைசிப் படியையும் செய்கிறது. மூளையில் பி.இ.ஏ. இருக்கும் அளவு டோபமைனோடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்குக்கும் கீழே. இவ்வளவு குறைவாக இருக்கிற ஒன்றுக்கு வேலை ஏதும் இருக்குமா என்றே பல காலம் சந்தேகப்பட்டார்கள். 2001இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக இதற்கென்றே ஓர் ஏற்பி, அதாவது இதன் தகவலை வாங்கிக்கொள்ளும் புரதம், செல்களில் இருப்பதைக் கண்டுபிடித்த பிறகுதான் சந்தேகம் தீர்ந்தது. டி.ஏ.ஏ.ஆர்.1 என்று அதற்குப் பெயர். அந்த ஏற்பியை நீக்கிய எலிகளுக்கு ஆம்ஃபெட்டமைன் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்தால் அவை வழக்கத்தைவிட அதிகமாகத் துள்ளுகின்றன. அப்படியானால் அந்த ஏற்பி டோபமைன் செல்களின் வேகத்தைக் கூட்டிவிடுவதைவிடத் தணிப்பதில்தான் பெரும்பங்கு வகிக்கிறது என்று பொருள். அளவு அதிகமானால் பி.இ.ஏ. டோபமைனையும் நார்அட்ரீனலினையும் வெளித்தள்ளும், நெஞ்சு படபடக்கும், விழிப்புக் கூடும் என்பதும் உண்மை. அக்கா சொன்ன படபடப்பு கற்பனை இல்லை. ஆனால் மூளை தனக்காக உண்டாக்கிக்கொள்ளும் துளியளவு பி.இ.ஏ.வின் வேலையும், 500 மில்லிகிராம் ஒரேயடியாக வந்து இறங்கினால் நடப்பதும் ஒன்று என்று எடுத்துக்கொள்ள எந்த ஆதாரமும் இல்லை.

ஆம்ஃபெட்டமைன் என்று சொன்னேன். அதன் கட்டமைப்பைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பி.இ.ஏ.வோடு ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட சின்னக் கிளை ஒன்றைச் சேர்த்தால் அதுதான் ஆம்ஃபெட்டமைன். 1887இல் ருமேனிய வேதியியலாளர் லசார் எடெலியானு அதை முதன்முதலில் தயாரித்தார். அது மணிக்கணக்கில் உடம்பில் நிற்கிறது, பழக்கத்துக்கு அடிமையாக்குகிறது, உலகெங்கும் சட்டக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பி.இ.ஏ.வோ வாயில் போட்டால் சில நிமிடங்களில் பாதியாகி, மீண்டும் பாதியாகிக் கரைந்துபோகிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது அந்தச் சின்னக் கிளை ஒன்றுதான். அது செய்கிற காரியம் என்னவென்றால், ஒரு நொதியின் பிடியில் சிக்காமல் மூலக்கூறைக் காப்பது.

1928இல் கேம்பிரிட்ஜில் ஓர் இளம்பெண் கண்டுபிடித்தது

அந்த நொதியின் பெயர் மோனோஅமைன் ஆக்சிடேஸ், மாவோ என்று சுருக்கிச் சொல்வார்கள். கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த மேரி ஹேர் 1928இல் கல்லீரல் சாற்றில் இதைக் கண்டுபிடித்தார். உணவில் வரும் டைரமீன் என்ற பொருளை அது சிதைப்பதை அவர் பார்த்தார். குடல் சுவரில், கல்லீரலில், மூளையில் என்று பல இடங்களிலும் இந்த நொதி இருக்கிறது. இதில் ஏ, பி என்று இரண்டு வகை உண்டு; பி.இ.ஏ.வைச் சிதைப்பது முக்கியமாக இரண்டாவது வகை. விழுங்கிய பி.இ.ஏ.வில் பெரும்பகுதி குடலையும் கல்லீரலையும் கடப்பதற்குள் ஃபீனைல்அசிட்டிக் அமிலமாக மாறி, குளுட்டமீனோடு சேர்ந்து சிறுநீரில் போய்விடும். தப்பித்து மூளைக்குப் போகிற கொஞ்சத்துக்கும் அங்கே அதே நொதி காத்திருக்கிறது. மூளை தானே உண்டாக்கும் பி.இ.ஏ. பாதியாகக் குறைய ஏறக்குறைய அரை நிமிடம் போதும். இதுதான் அக்காவின் கால் மணி நேரக் கணக்கு. பெரிய அளவு விழுங்கினால் நொதிகள் அத்தனையையும் உடனே சிதைக்க முடியாமல் கொஞ்சம் தப்பிக்கும். அந்தக் கொஞ்சம் ஒரு படபடப்பையும் சிறு தெளிவையும் தரும். பிறகு அதுவும் போய்விடும்.

இந்த நொதியின் முக்கியத்துவம் மருத்துவ உலகத்துக்குத் தெரியவந்த விதமே விசித்திரமானது. 1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியசிட் என்ற புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். எழுந்து நடக்கவே தெம்பில்லாமல் கிடந்தவர்கள் சுறுசுறுப்பானார்கள், பசி கூடியது, வார்டிலேயே ஆடிப் பாடினார்கள் என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. அந்த மருந்து மாவோ நொதியைத் தடுக்கிறது என்பதும் அதே ஆண்டில் தெரிந்தது. 1957இல் மனச்சோர்வுக்கு அதைக் கொடுக்கத் தொடங்கினார்கள். மனச்சோர்வுக்கான முதல் மருந்துகளில் ஒன்று இப்படித்தான் வந்தது. ஆனால் நொதியைத் தடுத்ததற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. இந்த வகை மருந்து எடுத்துக்கொண்டவர்களில் சிலருக்குத் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலியும், ரத்த அழுத்தம் எகிறி மூளையில் ரத்தக்கசிவும் ஏற்பட்டன. பழுத்த பாலாடைக்கட்டி சாப்பிட்ட பிறகே இது நடக்கிறது என்பதை 1963இல் பாரி பிளாக்வெல் என்ற மருத்துவர் எடுத்துக்காட்டினார். பாலாடைக்கட்டியில் இருந்த டைரமீனைச் சிதைக்க நொதி இல்லாமல் போனதால், அது நேராக ரத்தத்தில் ஏறியிருந்தது. மேரி ஹேர் கல்லீரல் சாற்றில் பார்த்த அதே டைரமீன்.

ஒரு ஆய்வுச் சுருக்கத்தில் இருந்த சில சொற்கள்

பி.இ.ஏ. மனச்சோர்வுக்கு வேலை செய்கிறது என்பதற்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படும் ஆய்வு ஒன்று உண்டு. சிகாகோவைச் சேர்ந்த ஹெக்டர் சபெல்லியும் அவருடைய குழுவும் 1996இல் வெளியிட்டது. பெரும் மனச்சோர்வு இருந்த 14 பேர் பி.இ.ஏ. எடுத்துக்கொண்டார்கள், 20 முதல் 50 வாரங்கள் கழித்துப் பார்த்தபோது 12 பேருக்குப் பலன் நீடித்தது. விளம்பரங்கள் இத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. நான் அந்த ஆய்வின் சுருக்கத்தைத் தேடிப் படித்தேன். பி.இ.ஏ. வேகமாக அழிந்துபோவதைத் தடுப்பதற்காக செலிஜிலின் என்ற மருந்தையும் தினமும் சேர்த்துக் கொடுத்தோம் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. செலிஜிலின் என்பது மாவோ-பி நொதியைத் தடுக்கிற, மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத, பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கப்படும் மருந்து. அந்த நோயாளிகளுக்குக் கொடுத்த பி.இ.ஏ.வின் அளவோ, அக்காவின் ஒரு மாத்திரையில் இருப்பதில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. நொதியைத் தடுத்துவிட்டால் அவ்வளவு கொஞ்சமே போதுமாக இருந்தது. நொதியைத் தடுக்காவிட்டால் எத்தனை மடங்கு விழுங்கினாலும் கால் மணி நேரம்தான்.

அந்த ஒரு வரியைப் படித்த பிறகு எனக்குள் கேள்வியே மாறிவிட்டது. அதுவரை இந்தப் பொருள் வேலை செய்யுமா செய்யாதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு, உடம்பு ஏன் இதை இவ்வளவு அவசரமாக அழிக்கிறது என்று யோசிக்கத் தொடங்கினேன். நொதியைப் பகையாகவும் பி.இ.ஏ.வை நண்பனாகவும் விளம்பரங்கள் காட்டுகின்றன. உடம்பு இரண்டையும் தானேதான் உண்டாக்கிக்கொள்கிறது. பி.இ.ஏ. எரிபொருள் இல்லை, தகவல். வாசலில் இருக்கும் அழைப்பு மணியை நினைத்துப் பாருங்கள். யாரோ வந்திருக்கிறார்கள் என்பதை அது நமக்குச் சொல்வது, அடித்துவிட்டு ஓய்வதால்தான். பகல் முழுக்க ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால் வீட்டுக்கு விருந்தாளி நிறைய வந்துவிட மாட்டார்கள், உள்ளே இருப்பவர்களுக்கு இருப்புக் கொள்ளாது, அவ்வளவுதான். மூளையின் ஒரு மூலையில், ஒரு கணத்தில், துளியளவு எழுந்து அரை நிமிடத்தில் அடங்குகிற ஒரு பொருளை, எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் வழியாக அனுப்புவது அந்தத் தகவலைக் கூட்டுவதாகாது.

அந்த ஆய்வைப் பற்றி இன்னும் இரண்டு விஷயங்கள் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த 14 பேரும் பி.இ.ஏ.வால் ஏற்கெனவே பலன் கண்டவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பலன் கண்டவர்களிடம் பலன் நீடிக்கிறதா என்று மட்டுமே பார்த்திருக்கிறார்கள். மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை. இரண்டாவது, செலிஜிலின் தானே மனநிலையை மாற்றக்கூடிய மருந்து. உடம்பில் அது சிதையும்போது ஆம்ஃபெட்டமைன் குடும்பத்துப் பொருள்கள் உண்டாகின்றன. அதைத் தோலில் ஒட்டிக்கொள்ளும் பட்டை வடிவத்தை அமெரிக்காவில் 2006இல் மனச்சோர்வு மருந்தாகவே அனுமதித்தார்கள். அப்படியிருக்க, அந்த 12 பேருக்கு உதவியது பி.இ.ஏ.வா, செலிஜிலினா, அக்கறையோடு அவர்களைத் தொடர்ந்து கவனித்த மருத்துவர்களா? அந்த ஆய்வை வைத்துக்கொண்டு பிரித்துச் சொல்ல வழியில்லை. சபெல்லி நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறார், செலிஜிலினை அவர் மறைக்கவில்லை. அதை மறைத்தவர்கள் குப்பியின் மேல் எழுதியவர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது.

குறை எங்கே என்று தெரிந்தால்

மூளையில் குறைகிற பொருளை வாய் வழியாகக் கொடுத்து ஈடுகட்டவே முடியாது என்று சொல்லிவிடவும் முடியாது. பார்க்கின்சன் நோயில் அது நடந்திருக்கிறது. அங்கே நடுமூளையின் ஒரு பகுதியில் டோபமைன் செல்கள் செத்துப்போகின்றன; எந்தச் செல்கள், எந்த இடம், என்ன குறைகிறது என்று தெரியும். டோபமைன் தடுப்பைத் தாண்டாது, ஆனால் அதற்கு முந்தைய படியான எல்-டோபா தாண்டும். 1960களின் பிற்பகுதியில் ஜார்ஜ் கோட்ஸியாஸ் என்ற மருத்துவர் அதைப் பெரிய அளவில், படிப்படியாகக் கூட்டிக் கொடுத்தபோது உறைந்துபோய்க் கிடந்தவர்கள் அசைந்தார்கள், நடந்தார்கள். மீதியிருக்கும் செல்கள் எல்-டோபாவை வாங்கி டோபமைனாக மாற்றித் தங்கள் கணக்குப்படி வெளிவிட்டன. அது மூளைக்குப் போகும் முன்பே வீணாகாமல் இருக்க கார்பிடோபா என்ற துணை மருந்து பின்னால் வந்தது. இத்தனையும் மருத்துவரின் கண்காணிப்பில், ஆளுக்கு ஆள் அளவு மாற்றிச் செய்யப்படுகிற வேலை. அதிலும் ஆண்டுகள் போகப்போகக் கை கால் தானாக அசையும் தொல்லை வந்துசேர்கிறது.

மனச்சோர்வுக்கு இப்படி ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டி, இங்கே இது குறைகிறது என்று யாரும் காட்டவில்லை. செரோடோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜோயன்னா மான்கிரீஃபின் குழு, அதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022இல் எழுதியது. மருந்தே வேலை செய்யாது என்று இதற்குப் பொருள் இல்லை. பலருக்கு அந்த மருந்துகள் உதவுகின்றன, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அவை செரோடோனினைக் கூட்டுவது முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது, மனம் தேறுவதற்கோ வாரங்கள் ஆகின்றன. அளவு கூடியதும் மகிழ்ச்சி வருவதாக இருந்தால் அன்று மாலையே வந்திருக்க வேண்டும். அந்த வாரங்களில் நரம்புகளுக்கிடையே மெதுவாக ஏதோ மாறுகிறது. பொருளின் அளவு அந்த மாற்றத்துக்குத் தொடக்கம் மட்டுமே.

சாக்லேட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், அதுதானே இந்தப் பொருளுக்குக் கிடைத்த பெரிய விளம்பரம். சாக்லேட்டில் பி.இ.ஏ. இருப்பது உண்மை. சாப்பிட்டால் அதுவும் குடலிலும் கல்லீரலிலும் சிதைந்துபோகும். 1994இல் வெண்டி மிச்னர், பால் ரோசின் என்ற ஆய்வாளர்கள் எளிமையான ஒரு சோதனை செய்தார்கள். சாக்லேட் ஆசை எழும் நேரத்தில் சிலருக்குப் பால் சாக்லேட், சிலருக்கு வெள்ளைச் சாக்லேட், சிலருக்குக் கோகோத் தூள் அடைத்த மாத்திரை. சாக்லேட்டின் ரசாயனங்கள் இருப்பது கோகோவில். வெள்ளைச் சாக்லேட்டில் கோகோத் தூள் கிடையாது. ரசாயனம்தான் காரணம் என்றால் மாத்திரை ஆசையைத் தணித்திருக்க வேண்டும். தணிக்கவில்லை. பால் சாக்லேட் தணித்தது, வெள்ளைச் சாக்லேட் ஓரளவு தணித்தது, மாத்திரை வெறும் மாத்திரையைப் போலத்தான் இருந்தது. நாக்கில் உருகுவதும், மணமும், இனிப்பும் சேர்ந்து தந்ததை ஒரு கூட்டுக்குள் அடைக்க முடியவில்லை.

ஓட்டத்தைப் பற்றியும் இதேபோல ஓர் ஆய்வு உண்டு. 2001இல் பிரிட்டனில் 20 இளைஞர்களை அரை மணி நேரம் ஓடவிட்டு, அவர்களுடைய சிறுநீரில் ஃபீனைல்அசிட்டிக் அமிலத்தை அளந்தார்கள். சராசரியாக 77 சதவீதம் கூடியிருந்தது. ஓடினால் பி.இ.ஏ. பெருகி மனம் மகிழ்கிறது என்று இதைச் சுருக்கிச் சொல்கிறார்கள். சிறுநீரில் கூடியதை வைத்து மூளையில் என்ன நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் உடற்பயிற்சி மனச்சோர்வைக் குறைக்கிறது என்பதற்கு வேறு சான்றுகள் நிறைய இருக்கின்றன, அதற்கு இந்த ஒரு பொருளின் துணை தேவையில்லை.

அப்போ எனக்கு வந்தது என்ன?

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், "அப்போ எனக்கு வந்த தெளிவு பொய்யாடா?" என்றாள். பொய் இல்லை என்றேன், அதில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை. படபடப்பு அந்தப் பொருள் செய்ததுதான். தெளிவில் ஒரு பங்கு அதனுடையதாகவே இருக்கலாம். இன்னொரு பங்கு, ஏதோ செய்யப் போகிறோம், இன்றைக்குக் கொஞ்சம் நன்றாக இருக்கும் என்று அவள் எதிர்பார்த்ததிலிருந்து வந்தது. மனச்சோர்வு மருந்துச் சோதனைகளில் வெறும் மாத்திரை பெற்றவர்களிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கணிசமாகத் தேறுகிறார். இதைக் கேட்டதும் பலர், சும்மா மனப்பிரமை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாதக்கணக்கில் எதற்கும் ஆசைப்படாமல் இருந்த ஒருத்தி, நாளை நன்றாக இருக்கும் என்று மறுபடியும் எதிர்பார்க்கிறாள் என்றால் அவள் மனம் அசையத் தொடங்கிவிட்டது என்றுதானே பொருள்? அந்த அசைவு அவளுடையது. மாத்திரை அதற்கு ஒரு சாக்கு.

எனக்குப் பயம் வேறொன்றில். ஏன் போயிடுது என்ற அக்காவின் கேள்விக்குப் பதில் தேடிப் போகிற பலர் மாவோவைப் பற்றிப் படித்துவிட்டு, அதைத் தடுத்தால் நிற்குமே என்ற முடிவுக்கு வருகிறார்கள். பிறகு நொதியைத் தடுக்கும் ஏதாவதொன்றைத் தாங்களே சேர்த்துக்கொள்கிறார்கள். சபெல்லியின் ஆய்வில் மருத்துவர்கள் கூடவே இருந்தார்கள், அளவு மிகக் குறைவாக இருந்தது. வீட்டில் உட்கார்ந்து, குப்பியில் போட்டிருக்கும் அளவோடு அதைச் செய்தால் 1963இல் பிளாக்வெல் விவரித்த ரத்த அழுத்தம்தான் வந்து நிற்கும். மனச்சோர்வு மருந்தோ பார்க்கின்சன் மருந்தோ ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்கள், இதய நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் இந்தப் பொருளின் பக்கமே போகக் கூடாது. மருத்துவரிடம் போகும்போது சீட்டில் உள்ள மருந்துகளை மட்டும் சொல்லிவிட்டு சப்ளிமென்டைச் சொல்லாமல் விடுவது நம்மில் பலருக்குப் பழக்கம். அக்கா அந்தக் குப்பியையும் எடுத்துக்கொண்டு போனாள். மருத்துவர் முதலில் கேட்டதே அதைப் பற்றித்தான், எதையும் புதிதாக எழுதுவதற்கு முன் அதை நிறுத்தச் சொன்னார். இப்போது அவள் வேறு மருந்தில் இருக்கிறாள், ஒரு மனநல ஆலோசகரையும் பார்க்கிறாள். தேறுவது மெதுவாகத்தான் நடக்கிறது.

பி.இ.ஏ.வின் ஏற்பியை மருந்துத் துறை விட்டுவிடவில்லை. பி.இ.ஏ.வைப் போல உடனே சிதையாத, டி.ஏ.ஏ.ஆர்.1 ஏற்பியில் போய் ஒட்டக்கூடிய புது மூலக்கூறுகளை உண்டாக்கினார்கள். அவற்றில் முன்னணியில் இருந்தது யுலோடராண்ட். மனச்சிதைவு நோய்க்கு அதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். 2023இல் முடிவு வந்தபோது, மருந்து பெற்றவர்கள் தேறியிருந்தார்கள். வெறும் மாத்திரை பெற்றவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறியிருந்ததால் சோதனை தோல்வி என்று அறிவித்தார்கள். அதே ஏற்பியை மனச்சோர்வுக்கும் பயன்படுத்த முடியுமா என்ற ஆய்வுகளும் தொடங்கப்பட்டன. அவற்றில் ஏதாவது ஒன்று பலித்து, சீட்டோடு வாங்குகிற மருந்தாக வந்தால் நான் மனமார வரவேற்பேன். அக்காவுக்குத் தேவைப்பட்டால், மருத்துவர் எழுதிக் கொடுத்தால், வாங்கிக் கொடுக்க முதல் ஆளாக நானே போவேன்.